கடிதம் முதலில், ஆள் அப்புறம்

நேயர்களுக்கு வணக்கம். விமானத்தில் விமானி எங்கே உட்காருவார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட முன்னால் என்று சொல்லிவிடும். 1927இல் அமெரிக்காவில் பறந்த போயிங் 40ஏ விமானத்தில் அப்படி இல்லை. மேலொன்று கீழொன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. அவற்றுக்கு நடுவே, கதவும் ஜன்னலும் வைத்த ஒரு சின்ன அறை. அதில் பயணிகள் இரண்டே பேர், தோளோடு தோள் இடிக்க. விமானி அவர்களுக்குப் பின்னால், கூரையில்லாத குழியில், தோல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, பனியானாலும் மழையானாலும் அங்கேதான். காசு கொடுத்தவர் உள்ளே, ஓட்டுகிறவர் வெளியே. நம் ஊர்க் குதிரை வண்டிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆனால் அந்த இரண்டு பேரை நம்பி இந்த விமானத்தைக் கட்டவில்லை. சிகாகோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தை அரசு தனியாருக்குக் கொடுத்தது. போயிங் நிறுவனம் ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) எடைத் தபாலுக்கு 2 டாலர் 88 சென்ட் என்று மற்றவர்களைவிடக் குறைவாகக் கேட்டு அதைப் பிடித்தது. ஏறத்தாழ 540 கிலோ தபால் ஏற்றலாம். பயணக் கட்டணம் 200 டாலர். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 150 பவுண்டு எடையுள்ள மனிதருக்குப் பதிலாக அதே எடைக்குக் கடிதம் ஏற்றினால் 432 டாலர்! ஆளைவிடக் கடிதத்துக்குத்தான் மவுசு. மூட்டை ஏற்றியது போக இடமிருந்தால் ஆள், அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியானது? விடை எஞ்சினில் இருக்கிறது. 1925இல் செய்த முதல் போயிங் 40 விமானத்தில் இருந்தது முதல் உலகப் போர்க் காலத்து லிபர்ட்டி எஞ்சின். தண்ணீரால் குளிர்வது. ரேடியேட்டர், குழாய்கள், தண்ணீர் எல்லாவற்றையும் ராக்கி மலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போகவேண்டும். 40ஏயில் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் வாஸ்ப் எஞ்சின் வந்தது. 420 குதிரைத் திறன், காற்றிலேயே குளிரும். மிச்சமான எடைக்குக் கடிதமோ ஆளோ ஏற்றிக்கொள்ளலாம். அந்த விமானம் முதன்முதலில் பறந்தது 1927 மே 20. அன்று காலைதான், தன்னந்தனியாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்து உலகப் புகழ் பெற்ற லிண்ட்பெர்க், நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குக் கிளம்பினார். இதை யார் கவனித்திருப்பார்கள்?

ஜூலை 1இல் சேவை தொடங்கியது. முதல் நாள் சிகாகோவிலிருந்து ஏறியவர் ஜேன் ஈட்ஸ் என்ற பெண் பத்திரிகையாளர். வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர்தான். வழியில் பல இடங்களில் இறங்கி, எண்ணெய் ஊற்றி, விமானம் மாறி, கலிபோர்னியா போய்ச் சேரச் சுமார் 23 மணி நேரம். ராத்திரியில் தரையில் வரிசையாகச் சுழலும் விளக்குகள்தான் வழிகாட்டி.

இந்தப் போயிங் 40 விமானங்களில் ஒன்று, 40சி வகை, 1928இல் ஆரிகன் மாநில மலைச்சரிவில் விழுந்து நொறுங்கியது. பல பத்தாண்டுகள் கழித்து, எஞ்சிய பாகங்களைப் பொறுக்கியெடுத்து, ஸ்போகேன் நகரில் சிலர் பொறுமையாக மறுபடி கட்டினார்கள். 2008இல் அது பறந்தது. அப்புறம் 2010இல், புத்தம்புதிய போயிங் 787 ஒன்று தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் பறக்க, இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தார்கள். அப்போதும் விமானி அந்தத் திறந்த குழியில்தான் இருந்தார்.