சித்திரை வெயிலிலும் குளிரும் பச்சைப்பிள்ளை: செவிலியரின் கையும் கண்ணும்

(காட்சி: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு சாலையில் நண்பகல் வெயில். பிறகு ஒரு பிரசவ அறையின் வாசல்.)

பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் கொளுத்தும் நேரத்திலும், பிரசவத்துக்கு ஆயத்தம் செய்யும் செவிலியர் அறையின் மின்விசிறியை நிறுத்திவிடுவார். வெளியே வேர்த்து வடிய நிற்கும் சொந்தக்காரர்களுக்கு இது விளங்குவதில்லை. பனிக்குடத்து நீரில் நனைந்தபடி பிறக்கும் பிள்ளையின் மேலிருந்து ஈரம் உலரும்போது உடம்புச் சூடும் கூடவே இறங்கிவிடும் என்பதால், வெதுவெதுப்பான துணியால் துடைத்து, அந்த ஈரத்துணியையும் அகற்றி, தாயின் வெறும் மார்பில் கிடத்தி, உலர்ந்த துணியால் போர்த்துகிறார்கள்.

துடைக்கும்போதே செவிலியரின் கண் பிள்ளையின் நெஞ்சின் மீதுதான் இருக்கும். முதுகைத் தேய்த்துவிட்டும் மூச்சு வராவிட்டால், முதல் நிமிடம் முடிவதற்குள் முகமூடி வைத்துப் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தத் தொடங்க வேண்டும். மருத்துவர் வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரம் அல்ல அது. நன்றாக அழுத பிள்ளைக்கு, கொடியில் மிஞ்சிய இரத்தமும் போய்ச் சேரட்டும் என்று ஒரு நிமிடமாவது பொறுத்தே தொப்புள்கொடியைக் கட்டுகிறார்கள். வைட்டமின் கே ஊசி, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி (மஞ்சள் காமாலை) தடுப்பூசி ஆகியவை அடுத்தடுத்து வரும்.

(காட்சி: பிள்ளையின் வயிற்றைப் புறங்கையால் தொடும் செவிலியர்.)

இந்தக் கையைச் சற்று நின்று பாருங்கள். வயிறும் பாதமும் ஒன்றுபோல் வெதுவெதுப்பாக இருந்தால் பிள்ளை நலம். வயிறு சூடாக இருந்து பாதம் சில்லிட்டிருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டுமே சில்லிட்டிருந்தால் ஆபத்து. வெப்பமானி பிறகு அளந்து சொல்லும்; 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஆனால் குளிருகிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத உயிரின் நிலையை முதலில் அறிவது இந்தக் கைதான்.

எடை 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் இந்தக் கவனம் பல மடங்காகிறது. 34 வாரம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒருசேரக் கைவருவது கடினம். அதனால் தாயிடமிருந்து பீய்ச்சிய பாலை, விழுங்கும் திறன் உள்ள பிள்ளைக்கு, மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையில் புகட்டுகிறார்கள். நம் வீட்டு ஆச்சிமார் கையாண்ட அதே பாலாடைதான், கழுவிக் கொதிநீரில் இட்டு எடுத்தது. பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைப் பிள்ளையின் கீழுதட்டில் வைத்துச் சரித்து, ஒரு வாய் விழுங்கி முடிந்த பிறகே அடுத்த வாய். அவசரப்பட்டால் பால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோல்படக் கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்பு, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாத மருத்துவமனை ஒன்றில் தொடங்கியது; இன்று நம் ஊர்த் தாய்மாருக்கு அதைக் கற்றுக்கொடுப்பவர்களும் செவிலியர்களே.

(காட்சி: வார்டு. கருப்பட்டித் தண்ணீர்க் கிண்ணத்தோடு ஓர் ஆச்சி.)

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைப்பதுதான் சேனை; குணவான் ஒருவர் கையால் அதைத் தொட்டு வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஆனால் கருப்பட்டித் தண்ணீரோடு கிருமியும் உள்ளே போகும். தேன் ஒரு வயதுக்கு முன் ஆகவே ஆகாது. இங்கே அதட்டுவதால் பயனில்லை என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் ஆச்சியிடம் இருப்பது அன்புதான். "ஆச்சி, சீம்பால்தான் பிள்ளைக்கு முதல் சேனை, ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்கிட்ட குடுத்திருவோம், நீங்க பக்கத்துல இருந்து பிடிச்சுக்கோங்க" என்று அவரையும் வேலைக்குள் சேர்த்துக்கொள்ளும் செவிலியரின் சொல் எடுபடுகிறது.

(காட்சி: முக்கூடல் பக்கத்து வீடு, தூளி.)

வீடு திரும்பிய பிறகு கிராம சுகாதாரச் செவிலியர் வந்து பார்ப்பார். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு விட்டாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலோ அவர் வரும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். மற்ற நாட்களில் அவர் கேட்கப்போவது பெரும்பாலும் இரண்டு: நேற்று எத்தனை முறை பால் குடித்தது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது? தூளிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் காலண்டரில் அதைக் கோடு கோடாகக் குறித்து வையுங்கள்.