பைய ஓட்டுறதாக்கும் வேலை | ரப்பர் விளையில 84 மாடல் புல்லட்

கேக்குதா? மைக் ஆன்ல இருக்கா... ஆங், இருக்கு.

எல்லாருக்கும் வணக்கம். பின்னால சத்தம் கேக்குதுல்லா, அது மழை இல்ல. ரப்பர் இலையில நின்ன வெள்ளம் காத்துக்கு உதிருது. மழை விட்டு அரை மணிக்கூர் ஆச்சு. இது குலசேகரத்துக்குப் பக்கத்துல எங்க தாத்தாக்க விளை. மழைன்னா பால் வெட்டு கெடையாது, ஆளும் வராது, அதனால இன்னைக்கு இந்த எடம் முழுக்க எனக்கு. கேமராவ ஸ்டாண்டுல வச்சிருக்கேன். அங்க சிரட்டைய தலையில கவுத்தி வச்சுக்கிட்டு நிக்கிறது எனக்க அக்கா மவன். அவன் எதுக்கு வந்தான்னு பின்ன சொல்லுதேன்.

ஓணத்துக்கு எங்க ஊரு கிளப்புல ஸ்லோ சைக்கிள் ரேஸ் நடந்துச்சு. உங்க ஊர்லயும் நடக்கும்லா? கடைசில வாறவனுக்குத்தான் பிரைஸு. காலு தரையில பட்டா அவுட்டு. அங்க நின்னு பாக்கும்போதாக்கும் எனக்குத் தோணிச்சு, இந்த வண்டி விஷயத்த எப்படிச் சொல்லணும்னு. அந்த ஸ்லோ சைக்கிள் ரேஸ பாறை மேலயும் வேரு மேலயும் 150 கிலோவுக்கு மேல உள்ள புல்லட்ட வச்சு ஓட்டுனா, அதுக்குப் பேரு ட்ரயல்ஸ். "டாப் ஸ்பீடு எவ்வளவு அண்ணே"ன்னு கேக்குற தம்பிமாருக்கு, இதுல டாப்பும் இல்ல, ஸ்பீடும் இல்ல.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு துண்டு எடத்தக் குறிச்சு வச்சிருப்பாங்க, அதுக்கு செக்ஷன்னு பேரு. அதுக்குள்ள காலு ஒரு தடவ ஊணுனா 1. ரெண்டு தடவ ஊணுனா 2. மூணோ அதுக்கு மேலயோ ஊணுனா 3. வண்டி நின்னு போச்சு, விழுந்துச்சு, வெளிய போச்சுன்னா 5. காலே ஊணலைன்னா சைபர். எவன் மார்க்கு கம்மியோ அவன் ஜெயிச்சான். பள்ளிக்கூடத்துல நான் எடுத்த மார்க்குக்கு இந்த வெளையாட்டு அப்பமே தெரிஞ்சிருக்கணும்.

இதுக்கு எதுக்கு புல்லட்டுன்னு கேட்டா, அது கொஞ்சம் பழைய கதை. புல்லட்டுங்கிற பேரு அதுக்கு முந்தியே உண்டு, ஆனா இப்பம் நாம பாக்குற இந்த ரூபத்துல அது 1948-ல இங்கிலாந்துல மொதல்ல வெளிய தலை காட்டுனதே ட்ரயல்ஸ் போட்டியிலதான். அது வரைக்கும் ட்ரயல்ஸ் வண்டிக்குப் பொதுவா பின்னால சஸ்பென்ஷன் கெடையாது. ஸ்பிரிங் போட்டா கிரிப்பு போயிரும்னு எல்லாரும் நெனச்சிருந்தாங்க. புல்லட்டு பின்னால ஸ்விங் ஆர்ம், அதாவது பின் சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு மேலயும் கீழயும் ஆடுற கை, வச்சு வந்துச்சு, கிரிப்பு கூடத்தான் செஞ்சுது. பின்ன ஜானி பிரிட்டன்னு ஒருத்தர். ஸ்காட்லாந்துல ஆறு நாள் தொடர்ந்து நடக்குற ட்ரயல்ஸ் ஒண்ணு இருக்கு, அதுல 1952-லயும் 1957-லயும் 350 ராயல் என்ஃபீல்டுல ஜெயிச்சாரு. 1955-ல மெட்ராஸ்ல புல்லட்டு செய்ய ஆரம்பிச்சாச்சு. அப்பம் நம்ம ஊரு கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியும், அந்த ஸ்காட்லாந்து பாறையில ஏறுன வண்டியும் ஒரே ரத்தமாக்கும்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, 1964-ல ஸ்பெயின்காரன் புல்டாகோ ஷெர்ப்பா டீன்னு ஒண்ணு கொண்டு வந்தான். டூ ஸ்ட்ரோக்கு. நூறு கிலோ கூட இல்ல. சாமி மில்லர் அதுவரைக்கும் ஏரியல்னு கனமான ஃபோர் ஸ்ட்ரோக்குல ராஜாவா இருந்தவரு, அவரே அதுக்கு மாறி, 1965-ல அதே ஆறு நாள் போட்டியில ஜெயிச்சாரு. பெரிய இங்கிலீஷ் வண்டிக்க காலம் அதோட முடிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இத ஓட்டுதேன். ஷெர்ப்பாவுக்கு நான் எங்க போவேன், புல்லட்டுன்னா வீட்டுல நிக்கு.

இது 84 மாடல். அப்பா இதுலதான் கொளச்சலுக்கு மீன் ஏலத்துக்குப் போயிட்டு வருவாரு. உப்புக்காத்து தின்னு மட்காடு ரெண்டும் சல்லடையா இருந்துச்சு, களைஞ்சாச்சு. சைலன்சர மேலோட்டு ஏத்தி வச்சிருக்கேன். எஞ்சினுக்கு அடியில அலுமினியத் தகடு. ஹேண்டில் பார் ஒசரம். ஃபுட்ரெஸ்ட பின்னால தள்ளி வெல்டு வச்சது. ஃப்ரேம்ல கை வச்ச வண்டி, ரோட்டுக்கு எடுக்கதுக்கு இல்ல, இந்த விளைக்குள்ளதான். பேச்சிப்பாறைக்கு மேல காட்டுக்குள்ள போய் ஓட்டலாமேன்னு ஒருத்தரும் சொல்லாதீங்க. அது சரணாலயம். யானை நடக்க பாதை, நமக்கு அங்க சோலி இல்ல.

முக்கியமானது இந்த முன் பல்சக்கரம். புல்லட்ல பின் பல்சக்கரம் பிரேக் டிரம்மோட ஒட்டி வார்த்தது, லேசுல மாத்த முடியாது. அதனால முன்னால 16 பல்ல எடுத்துட்டு 14 போட்டேன். இப்பம் ஃபர்ஸ்ட் கியர்ல விட்டா மனுஷன் நடக்க மாதிரி பைய போவும்.

பின்ன எஞ்சின். 346 சிசி, போர், அதாவது சிலிண்டருக்க உள் அகலம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி எறங்குற தூரம், 90 மில்லிமீட்டர். நீளமான ஸ்ட்ரோக்கு, உள்ள கனத்த ஃப்ளைவீல். அம்மாக்க தையல் மெஷின்ல காலு எடுத்த பெறவும் சக்கரம் சுத்தும்லா, அது மாதிரி. ஆக்சிலேட்டர் கொடுக்காமலே ஒவ்வொரு அடியா தள்ளிக்கிட்டுப் போவும். ஈரப்பாறையில இதாக்கும் வேணும். கையத் திருப்புனீங்கன்னா டயரு சுத்தும், வண்டி போவாது.

ஆனா ஒண்ணு. ரோட்டுல அறுபதுல போற வண்டியில சின்னச் சின்ன கொறை எதுவும் தெரியாது. பைய ஓட்டும்போது ஒவ்வொண்ணா வெளிய வரும். ஐடிலிங்ல ஒரு அடி தப்புனா பாறைக்க நடுவுல நின்னு போவும், 5 மார்க்கு. அதனால இந்த வண்டிக்க பராமரிப்புன்னா முக்காவாசி அந்த ஸ்லோவ சரியா வைக்கதுக்குத்தான்.

கேமராவ கொஞ்சம் கிட்ட கொண்டு வாறேன். இந்தா பாருங்க, இந்த மூடியத் தொறந்தா ரெண்டு புஷ் ராட், வால்வத் தொறக்க தள்ளுற கம்பி. எஞ்சின் நல்லா ஆறி இருக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன்ல மேல நிக்கணும். நான் ஃபீலர் கேஜு, இடைவெளி அளக்குற தகடு, எதுவும் வைக்கல. ரெண்டு விரல்ல பிடிச்சு உருட்டுதேன்... இப்படி. லேசா சுத்தணும். ஆனா மேலயும் கீழயும் ஆட்டுனா ஆடப்பிடாது. இது சரியா இருக்கு. இது... ம்ஹும், இது கொஞ்சம் முறுக்கமா இருக்கு, பாத்தீங்களா, விரலு வழுக்குது, அது சுத்தல. முறுக்கமா விட்டா சூடானதும் வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் போவும், ஐடிலிங் தானா எறங்கும். ஒருபாடு பேரு இத விட்டுட்டு கார்ப்ரேட்டர் ஸ்க்ரூவப் போட்டுத் திருகிக்கிட்டு இருப்பாங்க. நானும் ரெண்டு மாசம் திருகுனவந்தான்.

அடுத்து சி.பி. பாயின்ட், ஸ்பார்க் வர வைக்கதுக்குத் தொறந்து மூடுற முனை. அதுக்கு 0.35-ல இருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள கேப்பு. பாயின்ட்டு முகத்துல கரி இருந்தா நைஸ் பேப்பர் போட்டு ஒரு இழுப்பு, பின்ன பெட்ரோல் துணி. பின்ன, இப்பம் பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருதுல்லா, அது ஈரத்த இழுக்கும். நம்ம மாவட்டத்துல எடவப்பாதிக்கும் மழை, ஐப்பசிக்கும் மழை. ரெண்டு வாரம் ஓட்டலைன்னா கார்ப்ரேட்டர் கிண்ணத்த வடிச்சு விட்டுருங்க.

கிளட்சு கேபிள்தான் எனக்குப் பெரிய தலைவேதனை. இதுல கிளட்ச ஒரு விரல்லயே வச்சு விளையாடணும், புல்லட்டு கிளட்சு ஒரு விரலுக்கு மசியுமா? ராத்திரி கேபிள மேல கழத்தி, வாயில பிளாஸ்டிக் கவரக் கூம்பாக் கட்டி எண்ணெய் ஊத்தி தொங்க விட்டுருவேன். காலைல அடி வழியா கறுப்பா சொட்டும். சொட்டுனா சரி.

டயரு கதை சொல்லலையே. கிரிப்புக்கு காத்தக் குறைக்கணும். ட்ரயல்ஸ் டயருக்கு அஞ்சாறு பவுண்டு போதும், எனக்க டயரு கட்டி, வண்டியும் கனம், அதனால நான் 8 வைப்பேன். மொத தடவ யாரோ சொன்னாங்கன்னு காத்த எறக்கிட்டு நேரா பாறையில ஏத்துனேன். ரெண்டாவது ஏத்தத்துல புஸ்ஸுன்னு ஒரு சத்தம். காத்து கம்மியா இருந்தா ரிம்மு சுத்தும், டயரு அங்கயே நிக்கும், உள்ள உள்ள டியூபு வால்வோட பிஞ்சிரும். விளைக்க அடியில இருந்து ஷெட்டு வரைக்கும் தள்ளுனேன், ஏத்தம், தொளி. எனக்க அக்கா மவன் பின்னால இருந்து தள்ளுதேன்னு சொல்லிட்டு சும்மா கைய வச்சுக்கிட்டே வந்தான். இல்லியாடே? சிரிக்கான். இப்பம் ரிம் லாக் போட்டாச்சு. டயர் விளிம்ப ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற ஒரு கட்டை, ஒரு நட்டு, அவ்வளவுதான்.

சரி, ஸ்டார்ட் பண்ணுவோம். ஆம்பியர் மீட்டர் முள்ளப் பாருங்க. கிக்கர பைய அமுக்குதேன்... முள்ளு இடது பக்கம் சாஞ்சு கெடக்கு... இந்தா, நடுவுக்கு வந்துட்டு. இப்பம் டீகம்ப்ரசர, சிலிண்டர் அழுத்தத்த வெளிய விடுற லிவர, பிடிச்சு கிக்கர கொஞ்சம் போல கீழ. விட்டாச்சு. கிக்கர் மேல வரட்டும். இனி ஒரே மிதி.

(டுப்.)

ஒரே மிதின்னு சொன்னேன்.

(டுப்... டுப்... டுப்... டுப்...)

ஆங். கேளுங்க. எண்ணிப் பாக்கலாம் போல இருக்குல்லா?

செக்ஷன் இதுதான். தேங்காத் தொண்டு ரெண்டு ரெண்டா வச்சிருக்கேன், அதுக்கு நடுவுல போவணும். மொத ரெண்டுக்கு எடையில அயினி மரத்து வேரு. பின்ன பாசி பிடிச்ச பாறை, இடுப்பொசரம். அது முடிஞ்சதும் இடது பக்கம் ஒடிக்கணும், அங்க பூரா ரப்பர் கொட்டை. இந்த ஆவணி மாசம் வெடிச்சு விழும்லா, டயருக்கு அடியில அது கோலிக்குண்டு மாதிரி உருளும். எந்த நாட்டு ட்ரயல்ஸ்காரனும் இதப் பாத்திருக்க மாட்டான். அக்கா மவன் எதுக்குன்னா, காலு எண்ண. மத்தவங்கள எண்ணச் சொன்னா பாவம்னு விட்டுருவாங்க, இவன் விடமாட்டான்.

எந்திச்சு நின்னுதான் ஓட்டணும், மொழங்கால் கொஞ்சம் மடங்கி. கண்ணு பாறையப் பாக்கப்பிடாது, பாறைக்கு அங்கோட்டு எங்க போவணுமோ அதப் பாக்கணும். திரும்பும்போது வண்டி உள்ள சாயும், நம்ம கனம் வெளிப்பக்க காலுல. போறேன்.

...வேரு ஆச்சு... பைய... பைய... ஏறிட்டு, ஏறிட்டு... அய்யோ சவமே...

ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கொட்டையில பின் டயரு வழுக்கி அந்த மரத்துல சாஞ்சுட்டு. சிரட்டை கவுந்து பழைய பாலு முழுக்க எஞ்சின் மேல. மணக்குதா? உங்களுக்கு மணக்காது, பாக்கியம். ரப்பர் கருகுற மணம், இனி ரெண்டு நாளு போவாது. பின்ன ஆறுனதும் எஞ்சின் ஆறதுக்கு உள்ள ஃபின்னு வரிக்குள்ள இருந்து உரிச்சு எடுக்கணும். எத்தனைடே?

"அஞ்சு, மாமா."

எப்படிடே அஞ்சு? வண்டி விழல, மரத்துலதானே சாஞ்சுது?

"நின்னு போச்சுல்லா."

வீடியோல பாத்தேன். நின்னுதான் போச்சு.

ரெண்டாவது தடவ... கொட்டைய நான் ஒதுக்கல, பாத்துக்கிடுங்க, அது செக்ஷனோட சேந்தது. கிளட்ச விடாம, கைய சும்மா வச்சு... வேரு... பாறை... இங்கதான்... வெளிக்காலு... ஆங்! ஆங்! முடிஞ்சு!

"மாமா, ஒண்ணு."

எங்கடே ஊணுனேன்?

"பாறை எறங்கும்போது. வலது காலு."

செருப்பு தட்டுனது மாதிரி இருந்துச்சு... சரி, ஒண்ணு. எழுதிக்கோ. மழை திரும்ப வருது, மேற்க பாருங்க இருட்டிட்டு. ஒரு தடவ கூட இருக்கு, கேமரா நனையதுக்கு முன்னால அத மட்டும் எடுத்துருதேன். டே, அந்தத் தொண்டு நகந்து கெடக்கு, சரியா வை. எனக்குப் பக்கமா இல்லடே, இருந்த எடத்துல.