ஸ்விட்ச அமத்துறதுக்கு முன்னாடி

(மேலூர் பக்கம் ஒரு நூலகத்துல பேசுனது. வந்தவங்க எழுதிப் போடச் சொன்னாங்க, பேசுன மாதிரியே போடுறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மேடைல இருக்க ஊராட்சித் தலைவர் அம்மாவுக்கும், பிள்ளைகள கையோட கூட்டிட்டு வந்துருக்க தலைமை ஆசிரியர் அய்யாவுக்கும், கூப்பிட்டதும் மறுக்காம வந்த மின்வாரிய உதவிப் பொறியாளர் சாருக்கும், காலைல தெறந்து பெருக்குறதுல இருந்து பூட்டுற வரைக்கும் ஒத்த ஆளா நிக்கிற நம்ம நூலகர் அம்மாவுக்கும் மொதல்ல நன்றி சொல்லிக்கிறேன். மைக் செட் தம்பிக்கும் நன்றி. பொன்னாடைக்குப் பதிலா நூலகத்துக்கு புத்தகம் வாங்கிக் குடுத்த பெரியவருக்கு தனியா ஒரு கும்பிடு.

நோட்டீஸ்ல மூணு விஷயம் போட்டுருக்கு. கம்ப்யூட்டர அரைத் தூக்கத்துல வைக்கிற சஸ்பெண்ட், கரண்டே இல்லாம முழுசா தூங்க வைக்கிற ஹைபர்னேட், சுத்துற தட்டு இல்லாம சிப்புலயே டேட்டாவ வைக்கிற எஸ்எஸ்டி. எங்க அப்பத்தா ஒரு சொலவடை சொல்லும், ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு. இன்னைக்கு நான் பேசப்போறது அம்புட்டும் அதுக்குள்ள இருக்கு.

நீங்க சேவ் அமுக்குனதும் ஃபைல் டிஸ்க்குக்குப் போயிருச்சுன்னு நெனைக்கிறீங்க. பல நேரம் போயிருக்காது, கரண்டு போனா அழிஞ்சு போற தற்காலிக நெனவகமான ராம்லயே நிக்கும், சிஸ்டம் தோதுப்பட்டப்ப எழுதும். சரி, லேப்டாப் மூடிய சாத்துறீங்க, பெரும்பாலும் அதுதான் சஸ்பெண்ட், ராமுக்கு மட்டும் கரண்டு ஓடும். லினக்ஸ்னா, அதாவது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுற இன்னொரு சிஸ்டம்னா, ராம்ல நிக்கிற டேட்டாவ மொதல்ல டிஸ்க்குக்குத் தள்ளும், பெறகு ஓடிக்கிட்டு இருக்க புரோகிராம் எல்லாத்தையும் உறைய வைக்கும், ஏன்னா தூங்கப் போற நேரத்துல எதுவும் புதுசா எழுத வந்துறக் கூடாது, அதுக்கு 20 செகண்டு கெடு, ஒண்ணு அடங்கலைன்னாலும் தூங்குறத கைவிட்டு எல்லாத்தையும் திரும்ப எழுப்பி விட்டுரும். அடங்கிருச்சுன்னா டிஸ்க்குக்கு உத்தரவு போகும், உன் கேஷ்ல, அதாவது உனக்குள்ள இருக்க சின்ன தற்காலிக நெனவகத்துல, வச்சிருக்கதையும் எழுதிரு, படிச்சு எழுதுற ஹெட்ட பத்திரமான எடத்துல நிறுத்து, சுத்துறத நிப்பாட்டுன்னு. டிஸ்க் அடங்குன பெறகுதான் அது மாட்டியிருக்க, அத இயக்குற கன்ட்ரோலர் சிப்பு அடங்கும், வரிசை மாறாது.

ஹைபர்னேட்டுன்னா ராமுக்கும் கரண்டு இருக்காது. அதனால ராம்ல உள்ளத டிஸ்க்ல எழுதி வைக்கணும், ஆனா எழுதிக்கிட்டு இருக்கப்பவே ராம் மாறுச்சுன்னா எழுதுனது கலங்கிப் போகும். லினக்ஸ் என்ன பண்ணுது, டிஸ்க் உட்பட எல்லாத்தையும் அசையாம நிப்பாட்டி ராமுக்கு ஒரு காப்பி எடுக்குது, எடுத்துட்டு டிஸ்க்க மறுபடி எழுப்பி அந்தக் காப்பிய ஸ்வாப்ல, அதாவது ராம் பத்தாதப்ப பயன்படுத்த டிஸ்க்ல ஒதுக்குன எடத்துல, எழுதுது. விண்டோஸ் அதுக்குன்னு தனியா ஒரு ஃபைல் வச்சிருக்கு. காப்பி எடுத்த நிமிஷத்துல இருந்து அந்த டிஸ்க்ல வெளியாளு யாரும் கை வைக்கக் கூடாது. எந்திரிக்கிறப்ப சிஸ்டம் தான் கடைசியா பாத்த டிஸ்க்க நம்பித்தான் எந்திரிக்கும்.

கை வச்சா என்ன ஆகும்? எங்க சொந்தக்காரப் பய ஒருத்தன் ஸ்டூடியோ வச்சிருக்கான். அழகர்கோவில்ல ஒரு காதுகுத்து, வீடியோ எடுத்தான். தாய்மாமன் சீர்னா நம்ம பக்கம் எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா, மேளம், வாணவேடிக்கை, மாலை போட்ட கெடா, வரிசையா தட்டு, ட்ரோன் விட்டு எடுத்துருக்கான். கடைக்கு வந்து பழைய கம்ப்யூட்டர முறையா ஷட்டவுன் குடுத்துட்டு, அதுல இருந்த ரெண்டாவது ஹார்டு டிஸ்க்க கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டி சீர் வீடியோவ ஏத்தி திருப்பிக் கொண்டாந்து மாட்டிட்டான். மறுநாள் ஆன் பண்ணா டிஸ்க்க செக் பண்றேன்னு ஒரு திரை ஓடுது, ஓடி முடிச்சா பழசு எல்லாம் இருக்கு, சீர் மட்டும் காணோம். கேமரா கார்ட அதுக்குள்ள அழிச்சுட்டான். தாய்மாமன் கடை வாசல்ல வந்து நிக்கிறாரு, "காது குத்துனது இருக்கு, மொய் எழுதுனது இருக்கு, நான் வந்தது மட்டும் இல்லையா, யாரு சொல்லி அழிச்ச?"ன்னு. மாப்பிள்ள வீட்டாளுகதான் காசு குடுத்து அழிச்சாங்கன்னு ரெண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. யாரும் அழிக்கலைங்க! விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் சிஸ்டத்தோட மையப் பகுதியான கெர்னல் ஹைபர்னேட்ல தான் போகும், டிஸ்க் பத்தின பழைய நெனப்பு அப்படியே இருக்கும். எந்திரிச்சப்ப அந்த நெனப்புல சீர் வீடியோ கெடையாது. டிஸ்க்க கழட்டணும்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப ஆஃப் பண்ணிட்டு ஷட்டவுன் குடுங்க. பிள்ளைகளா, இத எழுதி வச்சுக்கங்க. ரீஸ்டார்ட்ல அந்தப் பிரச்சனை வராது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்.

இப்ப நம்ம நூலகத்துக்கு வாரேன். நான் சொன்ன அம்புட்டுக்கும் கரண்டு வேணும், பொட்டுன்னு போனா சிஸ்டத்துக்கு உறைய வைக்கவும் நேரமில்ல, எழுதவும் நேரமில்ல. ஹார்டு டிஸ்க் தான் சுத்துற வேகத்துலயே ஹெட்ட காப்பாத்திக்கும், ராம்ல நிக்கிற டேட்டாவ யாரு காப்பாத்துவா? மின்வாரிய சாரையும் குத்தம் சொல்ல முடியாது, காத்தடிச்சு கெளை விழுந்தா லைன் போகத்தான் செய்யும். இங்க வந்து போட்டித் தேர்வுக்கு விண்ணப்பம் போடுற பிள்ளை, பாதி டைப் பண்ணது போயி கண்ண தொடச்சுக்கிட்டு மறுபடி உக்காருது. அதுக்கு ஒரு யூபிஎஸ், கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் தாங்குற பேட்டரிப் பெட்டி, போதும். யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ்ஸா வாங்குனா, பேட்டரி எறங்குறத அதுவே சிஸ்டத்துக்குச் சொல்லும், ஆள் இல்லைன்னாலும் முறையா அமத்திக்கும், லினக்ஸ்ல அதுக்கு காசில்லாத மென்பொருளே இருக்கு. ஒவ்வொரு ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கூட லேபுக்கும் இது வேணும்னுதான் நாங்க ஊர் ஊரா கேட்டுக்கிட்டு இருக்கோம். ஆக்கிப் போட்ட அரசாங்கம் ஆறவும் வழி பண்ணணும்.

எஸ்எஸ்டி பத்திப் பேச நேரமில்லைன்னு துண்டுச்சீட்டு வந்துருச்சு, தலைமை ஆசிரியர் அய்யா அனுமதிச்சா பள்ளிக்கூடத்துலயே வந்து பேசுறேன். மனு நூலகர் அம்மா மேசைல இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. திங்கக்கெழம மதுரை கலெக்டர் ஆபிஸ்ல குறைதீர் கூட்டத்துல குடுக்குறோம், வர்றவங்க பேரையும் அம்மாகிட்டயே சொல்லிருங்க.