ஒரே வளவு, தனித்தனி அடுப்பு

பெரியோர்களே, ஆச்சிமார்களே, பங்காளிகளே, தாயபிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பத்தாள் சிவலோக பதவி அடைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவர் 83 ஆண்டுகள் புழங்கிய இதே வளவில், வீட்டின் இந்த உள்முற்றத்தில், நின்று பேசும்படி குடும்பத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். 97 வயது வாழ்ந்தவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. நான் அவரை ஒரு மருமகளாகவும் மாமியாராகவும் மட்டுமே நினைவுகூர விரும்புகிறேன். இத்தனை கிளைகளாகப் பிரிந்த பின்னரும் நாம் மனக்கசப்பின்றி ஒரு கூரையின் கீழ் கூடுகிறோம் என்றால், அதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நகரத்தாராகிய நம் கோயில் பிரிவுகளுள் மாத்தூர்க் கோயிலைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் 1926இல் கோனாபட்டில் பிறந்த அவர், 1940இல் தம் 14ஆம் வயதில், இளையாற்றங்குடிக் கோயிலைச் சேர்ந்த இந்த வீட்டுக்கு மருமகளாகக் கானாடுகாத்தானுக்கு வந்தார். நம் வழக்கப்படி, கோயில் மாலை வந்து திருமணம் நிறைவேறியதும் அந்தத் தம்பதியர் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுபவர்கள், ஆகிவிடுகிறார்கள். அதன்பின் நல்ல நாள் பார்த்து மாமியார் அவர்களை வேறு வைத்தார். வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் தனி அடுப்பும், பெட்டகம் வைத்துக்கொள்ள உள்வீடு என்னும் ஓர் அறையும், ஓராண்டுக்கான நெல், பருப்பு, புளி, மிளகாய், எண்ணெயும், கைச்செலவுக்குப் பணமும் அளந்து கொடுக்கப்பட்டன. வெளியூரார் இதைப் பாகப் பிரிவினை என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் சொத்து பொதுவாகவே இருக்கும், முகப்பும் வளவும் பொதுவாகவே இருக்கும். சமையலும் அதன் கணக்கும் மட்டுமே தனி. பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி யாரையும் கேட்காமல் தன் வீட்டுச் செலவைத் தானே தீர்மானிக்கலாம் என்று நம் முன்னோர் வகுத்துவைத்ததை, நம் சமூகம் செய்த மிக நல்ல ஏற்பாடுகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

அந்த அடுப்புக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. 1941இல் அவர் கணவரான எங்கள் ஐயா கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, பர்மாவின் ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அங்கே ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் அசாம் வழியாகவும் கால்நடையாகப் புறப்பட்டார்கள். ஐயாவிடமிருந்து கடிதம் இல்லை. மாமியார் மனம் இரங்கி, தம்மோடு சேர்ந்தே உண்ணும்படி அழைத்தபோது, "அவுக வந்து கேட்டா என்ன சொல்லுவேன் அயித்தை? எங்க அடுப்பு எரியட்டும்" என்றாராம் அப்பத்தாள். அளந்து கொடுத்ததை மறுபடி அளந்து, ஒருவேளைச் சமையலை இருவேளைக்கு வைத்துக்கொண்டு, அந்த ஆண்டை எவரிடமும் கடனின்றிக் கடத்தினார். மழைக்காலத்துக்கு முன் ஐயா எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள்.

பர்மாவில் 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1963இல் வங்கிகளும் அரசுடைமையாயின. அங்கே இருந்த நிலமும் பணமும் திரும்ப வராது என்று பல வீடுகளில் தலையில் கைவைத்து உட்கார்ந்த காலத்தில், இங்கே அடுப்புகள் அளவாக எரிந்துகொண்டிருந்தன. பேரேடு எழுதிய ஆண்களின் வரவு செலவைப் பற்றி ஆராய்ச்சி நூல்கள் நிறைய வந்துவிட்டன. படியும் மரக்காலும் கொண்டு ஆச்சிமார் நடத்திய கணக்கைப் பற்றியும் யாரேனும் விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

பின்னர் அவரே நான்கு மருமகள்களுக்கு மாமியாரானார். நால்வரையும் அதே முறைப்படி வேறு வைத்தார். ஒரு மருமகளின் பானை மூடியையும் அவர் திறந்து பார்த்ததில்லை என்று இங்கே அமர்ந்திருக்கும் நால்வருமே சொல்வார்கள். மலேசியாவில் நன்றாகச் சம்பாதித்த மகனுக்கும், காரைக்குடியில் ஆசிரியராக இருந்து சிறு சம்பளம் வாங்கிய மகனுக்கும் ஒரே அளவுதான். ஆனால் ஆசிரியர் வீட்டில் தட்டுப்பாடு வந்தபோது, அந்த மருமகளிடம் கொட்டான் என்னும் ஓலைக் கூடைகளை முடையச் சொல்லி, ஒவ்வொரு கொட்டானையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். தங்கை மகள் திருமணத்துக்குச் சீர் வைக்க வேண்டும் என்பார், பேத்தி திருமணச் சாமான் அடுக்கக் கேட்கிறாள் என்பார். காரணம் எப்போதும் தயாராக இருக்கும். கொடுப்பவர் கை மேலே இருப்பதாகப் பெறுபவருக்குத் தோன்றக் கூடாது என்பதில் அவர் காட்டிய கவனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

தனித்தனி அடுப்பு என்று நடத்தியவர், பிள்ளையார் நோன்பில் மட்டும் எல்லோரும் ஒன்றுசேர வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டார். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்த நூலிழைகள் 21 சேர்ந்ததும், திரித்து மாவில் வைத்துச் சுடரேற்றி, வீட்டின் மூத்தவராகத் தம் கையாலேயே ஒவ்வொருவருக்கும் இழை எடுத்துக் கொடுப்பார். வர இயலாதவர்களின் பெயரைச் சொல்லி, அவர்களுக்கான இழையையும் எடுப்பார்.

இவ்வாண்டு அந்தப் பொறுப்பைப் பெரிய ஆச்சி ஏற்றுக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று எங்கிருந்தாலும் எல்லாப் புள்ளிகளும் நோன்புக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும். இரண்டாங்கட்டில் நான்கு அடுப்புகளையும் பூசி மெழுகி வைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.