காற்றாலை வாங்கிய கிராம ஊராட்சி! உங்கள் ஊருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, வேலை எங்கே இருக்கிறது?

(திரையில்: சுழலும் காற்றாலை. பின்னணி இசை வேண்டாம், காற்றுச் சத்தம் மட்டும்.)

2006-ஆம் ஆண்டு. கோயம்புத்தூர் மாவட்டம், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை. நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்தக் கிராம ஊராட்சி ஒரு பொருளை வாங்கியது. டிராக்டர் இல்லை, குப்பை வண்டி இல்லை. 350 கிலோவாட் காற்றாலை. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய்.

காற்றாலை என்பது கோவைப் பக்கத்து மில் முதலாளிகள் வாங்குகிற பொருள். அதை ஒரு ஊராட்சி எப்படி வாங்கியது? பணம் யார் கொடுத்தது? நடுவில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

இந்த வீடியோவில் கிராம ஊராட்சிக்கு வரும் மானியங்கள், அவற்றை வாங்கும் வழி, கடைசியில் ஊராட்சி வேலைவாய்ப்பு. வேலைக்காக மட்டும் வந்தவர்கள் நேராகக் கடைசிக்கு ஓட்டிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

(திரையில்: அரசியலமைப்புப் புத்தகம், மிக வேகமாகப் புரளும் பக்கங்கள்.)

அடிப்படை, ஒரே மூச்சில். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது, அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது, குடிநீர் முதல் சாலை வரை 29 துறைகள் ஊராட்சிகளுக்கு உரியவை என்று பட்டியல் போட்டார்கள், தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள் என்பது நெடுநாளாகப் புழங்கும் எண். முடிந்தது. குடிமையியல் பாடத்தில் நானும் தூங்கியவன்தான்.

29 துறை கொடுத்தார்கள், சரி. பணம்?

இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் ஊராட்சிகளின் நிதிநிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடு முழுக்க உள்ள ஊராட்சிகளின் வருமானத்தில் சொந்த வரி எவ்வளவு தெரியுமா? 1.1 சதவீதம். அதாவது ஊராட்சியின் கையில் 100 ரூபாய் இருந்தால், வீட்டு வரி, தொழில் வரி என்று தானே வசூலித்தது 1 ரூபாய் 10 காசு. ஏறக்குறைய 95 ரூபாய் மேலேயிருந்து வந்த மானியம். மாதச் சம்பளம் முழுக்க மாமனார் வீட்டிலிருந்து வந்தால் அந்த மாப்பிள்ளையால் வீட்டில் எவ்வளவு சத்தமாகப் பேச முடியும்? அவ்வளவுதான் ஊராட்சியாலும் பேச முடியும்.

அந்த 95 ரூபாயில் பெரும்பங்கு ஒன்றிய அரசிடமிருந்து வருவது. அதில் முக்கியமானது நிதிக்குழு மானியம். வரிப் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிந்துரைக்கும் குழு அது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-வது நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த தொகை 2,36,805 கோடி ரூபாய். மாநிலங்களுக்கிடையே பிரிக்கும்போது மக்கள்தொகைக்கு 90 பங்கு, பரப்பளவுக்கு 10 பங்கு.

இந்தப் பணத்தில் இரண்டு வகை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் டைடு, அன்டைடு என்பார்கள். நான் கட்டிப்போட்ட பணம், அவிழ்த்துவிட்ட பணம் என்று சொல்லிக்கொள்கிறேன். 15-வது நிதிக்குழுவின் கணக்கில் 60 சதவீதம் கட்டிப்போட்டது. பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு மாதிரி வேலைகளுக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதத்தை ஊர் தன் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் அதில் சம்பளம் கொடுக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டால் ஊரில் பாதிச் சண்டை குறையும். "நிதி வந்திருக்கே, ஏன் எங்க தெருவுக்கு ரோடு போடலை?" என்று கேட்பவருக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. வந்தது குடிநீர்ப் பணமாக இருந்தால், தலைவரே நினைத்தாலும் அதில் ஜல்லி கொட்ட முடியாது. 2026 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுக்கு 16-வது நிதிக்குழுவின் காலம்.

மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, மாநில நிதி ஆணைய மானியம் என்ற பெயரில். அதைக் கிராமப்புறத்துக்கும் நகர்ப்புறத்துக்கும் பிரிப்பார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். கிராம ஊராட்சிக்கு வங்கியில் எத்தனை கணக்கு? தமிழ்நாட்டில் வழக்கமாக மூன்று. முதல் கணக்கு பொது நிதி. மூன்றாவது கணக்கு திட்டப் பணம். நடுவில் இருக்கும் இரண்டாவது கணக்கு எதற்கு? கரண்ட் பில்லும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதும்! ஒரு தனி வங்கிக் கணக்கே திறந்துவைக்கும் அளவுக்கு மின் கட்டணம் ஊராட்சியை அழுத்துகிறது. தெருவிளக்கு, ஆழ்துளைக் கிணற்று மோட்டார், மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் பம்பு என்று இரவும் பகலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த இரண்டாவது கணக்குதான் ஓடந்துறையைக் காற்றாலை வரை கொண்டுபோனது.

(திரையில்: மீண்டும் காற்றாலை. இப்போது கொஞ்சம் இசை போடலாம்.)

1996-ல் அந்த ஊராட்சித் தலைவராக வந்தவர் ஆர். சண்முகம். இரண்டு முறை, 2006 வரை இருந்தார். ஊரெல்லாம் குழாய்த் தண்ணீர் கொடுத்தார்கள், நல்ல விஷயம். தண்ணீர் வந்ததும் கூடவே கரண்ட் பில்லும் ஏறியது. இந்த இடத்தில் வழக்கமான ஊராட்சி என்ன செய்யும்? தண்ணீர் விடும் நேரத்தைக் குறைக்கும். இல்லையென்றால் பாக்கி வைக்கும், மின் வாரியத்தின் கடிதம் வரும், கோப்பில் போய்த் தூங்கும்.

இவர்கள் மின்சாரத்தை நாமே தயாரித்தால் என்ன என்று கேட்டார்கள். உடனே காற்றாலைக்குத் தாவவில்லை, கவனியுங்கள். முதலில் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி அதில் பம்பை ஓட்டும் ஒரு சின்ன இயந்திரம், வெறும் 9 கிலோவாட். தெருவிளக்கில் சிலவற்றைச் சூரிய ஒளிக்கு மாற்றினார்கள். கை பழகியது. அப்புறம்தான் பெரிய யோசனை.

அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை! பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலைப்பேட்டைப் பக்கம் நன்றாக அடிக்கும், காற்றாலையை அங்கே நிறுத்தினார்கள். அங்கே சுற்றுகிற ஆலை மின்வாரியக் கம்பியில் மின்சாரத்தை ஏற்றும், ஓடந்துறைக்குக் கணக்கில் வரவு வைப்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்புகிற மாதிரி.

சரி, 1 கோடியே 55 லட்சத்துக்கு என்ன செய்தார்கள்? 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். ஆமாம், கடன். தவணை கட்டினார்கள், உங்களையும் என்னையும் போல. அதே 2006-ல் மாநில அரசு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று தொடங்கியது. ஒரு ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய், ஊரெங்கும் அதுவே பெரிய செய்தி. அந்த 20 லட்சத்தைப் போல கிட்டத்தட்ட எட்டு மடங்கு தொகைக்கு இவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடவே கை நடுங்கியது.

ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊருக்குத் தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள். பில் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கே பில்! கணக்குப் பிரியர்களுக்காக ஒரு சின்னத் துணுக்கு: 350 கிலோவாட் ஆலை வருடம் முழுக்க நிற்காமல் முழு வேகத்தில் சுற்றினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் வரவேண்டும். வந்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான். காற்று அரசு ஊழியர் இல்லை, தினமும் காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடாது. அதையும் கணக்கில் எடுத்துத்தான் வாங்கினார்கள்.

உடனே எல்லா ஊராட்சியும் காற்றாலை வாங்க வேண்டும் என்று கமெண்ட் போடாதீர்கள். கையில் 40 லட்சம் சேர்த்து வைத்திருந்த ஊராட்சி அது. நான் மெச்சுவது காற்றாலையை அல்ல, அந்த 40 லட்சத்தைத்தான். 1 ரூபாய் 10 காசு உலகத்தில் அது எப்படிப்பட்ட சேமிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

(திரையில்: நன்கொடை உண்டியல் அல்ல, ரசீதுப் புத்தகம்.)

மற்ற வாசல்களை வேகமாகப் பார்த்துவிடலாம். நமக்கு நாமே திட்டத்தில் வேலை மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். வெளிநாட்டிலோ சென்னையிலோ நன்றாக இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களைப் பிடிக்கச் சரியான தூண்டில் இது, பலர் பயன்படுத்துவதே இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி, சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி. இவர்களிடம் போகும்போது சால்வை மட்டும் கொண்டுபோகாமல் ஊராட்சித் தீர்மானமும் மதிப்பீடும் கொண்டுபோனால் நல்லது. பக்கத்தில் பெரிய தொழிற்சாலை இருந்தால், 2013 நிறுவனங்கள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், கிராம மேம்பாடு அந்தப் பட்டியலில் உண்டு. தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பயிற்சி கொடுக்க மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது.

ஆனால் எந்த வாசலுக்கும் சாவி ஒன்றுதான்: கணக்கு. நிதிக்குழு மானியம் வேண்டுமா? தணிக்கை செய்த கணக்கு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் கிராம சபை வழியாக வந்து இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஏறியிருக்க வேண்டும். தேர்தல் நடந்து முறையாக அமைந்த மன்றமும் இருக்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தேர்ந்தெடுத்த தலைவர்களுக்குப் பதிலாக தனி அலுவலர்கள் என்ற பெயரில் அதிகாரிகள் வந்தார்களே, அப்போது நிதி பற்றிய கவலை எழுந்தது இதனால்தான்.

கணக்குக் காட்டாதவருக்குப் பணம் இல்லை என்பதை டெல்லியில் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறீர்களா? உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தையது. குடவோலை எல்லோருக்கும் தெரியும், பானை, ஓலை, சின்னப் பையன் எடுப்பான். அந்தப் பானைக்குள் யார் பெயரைப் போடவே கூடாது என்ற பட்டியல்தான் விருந்து. வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் கூடாது. அதோடு விட்டார்களா? அவருடைய சித்தி, பெரியம்மா மக்கள் கூடாது. அத்தை, மாமன் மக்கள் கூடாது. தாய்மாமன், சித்தப்பா, மாமனார், மைத்துனர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒருவர் ரசீது வைக்காமல் விட்டதற்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டிய அத்தனை பேரும் அவுட்! இன்றைக்கு இந்த விதி இருந்தால் சில ஊர்களில் நிற்க ஆளே கிடைக்காது.

(திரையில்: வேலை அறிவிப்பு. ஓட்டிக்கொண்டு வந்தவர்களே, வாருங்கள்.)

வேலைக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். விஏஓ எனப்படும் கிராம நிர்வாக அலுவலர் வேறு, ஊராட்சிச் செயலாளர் வேறு. விஏஓ வருவாய்த்துறை ஆள். பட்டா, சிட்டா, அடங்கல் அவர் உலகம், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதி வரவேண்டும். ஊராட்சிச் செயலாளர் ஊரக வளர்ச்சித் துறை. வீட்டு வரி ரசீது, கிராம சபைப் பதிவேடு, அந்த மூன்று கணக்குகள் எல்லாம் இவர் மேசையில். 2025 அக்டோபரில் ஊரக வளர்ச்சித் துறை 1,483 ஊராட்சிச் செயலாளர் பணியிடங்களுக்கு அறிவிப்பு விட்டது. தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, சம்பள விகிதம் 15,900 முதல் 50,400 வரை. அது முடிந்துபோன அறிவிப்பு. ஏன் சொல்கிறேன் என்றால், தகுதியும் சம்பளமும் இந்த அளவில் இருக்கும் என்று தெரிந்தால், "டிகிரி தேவை இல்லை, மாதம் 80,000" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப மாட்டீர்கள் இல்லையா.

ஊராட்சி ஒன்றியங்களில் அலுவலக உதவியாளர், ஜீப் ஓட்டுநர், இரவுக் காவலர் வேலைகள் அவ்வப்போது வரும். அவை பெரும்பாலும் மாவட்ட இணையதளத்தில், ஒன்றிய அலுவலகப் பலகையில்தான் வரும், சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகும். மேலே போக ஆசை இருந்தால், டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வில் ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் பதவி இருக்கிறது. தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர் எல்லாம் ஊர் அளவிலேயே நியமிக்கப்படுபவர்கள். அவர்கள் ஊதியம் பற்றித் தனி வீடியோ போட வேண்டும், இதில் அவசரமாகச் சொன்னால் அவர்களுக்கு நியாயம் செய்தது ஆகாது.

"வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவு என்றாலும் கொடுக்காதீர்கள். உத்திரமேரூர்ப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வீட்டுப்பாடம். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருகிறதோ அதற்குப் போங்கள். வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து, "இரண்டாவது கணக்கில் எவ்வளவு இருக்கிறது, கரண்ட் பில் பாக்கி எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று ஊர்ப் பெயரோடு கமெண்ட்டில் எழுதுங்கள். அதிக பாக்கி வைத்திருக்கும் ஊருக்கு என்னால் காற்றாலை தர முடியாது, ஒரு லைக் உண்டு.