கொடிக்கால் இலையும் ஆய்வுக்கூடத் தட்டும்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டத்து ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போனவர்களுக்குத் தெரியும், கொடி ஏறி நிற்பது அகத்தியில். கொடியில் கிள்ளுவது வெற்றிலை, அதைத் தாங்கும் மரத்தில் ஒடிப்பது கீரை. இப்படிப்பட்ட இலைகளை ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்துச் சாறு இறக்குவார்கள். டிபிபிஹெச் என்றொரு வேதிப்பொருள் உண்டு. கரைத்தால் அடர்ந்த ஊதா. அதில் சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். இலையிலுள்ள ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து டிபிபிஹெச்சின் வேகத்தை அடக்கிவிடுகின்றன. ஆன்டிஆக்சிடன்ட் என்பது இந்தக் குணத்தைத்தான்.

அப்புறம் கிருமிச் சோதனை. அகர் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில், கிருமியைப் பரப்பி, சாற்றில் நனைத்த சிறு வட்டத்தாளை வைத்து, 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு விடுவார்கள். காலையில் தட்டெல்லாம் பாலாடை மாதிரி கிருமி படர்ந்திருக்கும். தாளைச் சுற்றி மட்டும் கிருமி வளராத தெளிந்த வளையம். வெற்றிலையில் ஹைட்ராக்சிசாவிகால், கற்பூரவல்லியில் தைமால், கார்வக்ரால் ஆகிய வேதிப்பொருள்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

சரி, அந்த வளையத்தைக் காட்டி "இனி மருந்தே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. தட்டில் பட்டது செறிந்த சாறு. நாம் தின்னும் இலையைக் குடலும் ஈரலும் உடைத்து மாற்றிவிடும். ரத்தத்தில் சேர்வது சொற்பம். பிள்ளைக்கு மூச்சு இரைத்தால் கற்பூரவல்லிச் சாற்றை நம்பி ஒரு வேளைகூடத் தள்ளிப்போடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வெற்றிலையின் நற்பெயரை வைத்துப் பாக்கையும் புகையிலையையும் மெல்லாதீர்கள். புகையிலையே சேர்க்காத பாக்குத் தாம்பூலமும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது.

இலையைச் சாப்பாடாகத் தின்னுங்கள், அதில் குறையே இல்லை. முருங்கைக்கீரையில் குவர்செட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட், பீட்டா கரோட்டின், கால்சியம் எல்லாம் உண்டு. கரோட்டின் உடம்பில் ஒட்ட எண்ணெய் வேண்டும், அதனால் தாளிப்பைக் குறைக்க வேண்டாம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும், ரசத்தில் சேர்த்துவிடுங்கள்.

வரப்பில் தானாக முளைக்கும் பொன்னாங்கண்ணியைப் பறிக்குமுன் களைக்கொல்லி அடித்தார்களா என்று வயல்காரரிடம் கேளுங்கள். சாக்கடை கலக்கும் வாய்க்காலோரத்து வல்லாரை வேண்டவே வேண்டாம். கொல்லையில் கைப்பம்புத் தண்ணீர் வழிகிற இடத்தில் வேரோடு ஒரு துண்டு ஊன்றினாலே அது படர்ந்துவிடும்.