வழக்கு முடியும் முன்பே தண்டனை

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, இவ்வளவு நேரமும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பாளையங்கோட்டை மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களால் மக்கள் பெற்றது பாதுகாப்பா, இழந்தது உரிமையா என்பது தலைப்பு. இழந்தது உரிமையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி 1998 பிப்ரவரி 14-ஆம் தேதியின் கோவையை நினைவுபடுத்தினார். 58 உயிர் போனதைச் சொன்னார். 2008 மும்பையைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் நெஞ்சு கலங்கியது. குண்டு வைத்தவனைப் பிடிக்க வேண்டும், தண்டிக்க வேண்டும். அதில் இரண்டு அணிக்கும் தகராறே கிடையாது. குண்டு வைக்காதவனைப் பிடித்து உள்ளே போட்டால் அவன் கதி என்ன? அதை அண்ணாச்சி தொடவே இல்லை.

அய்யா, ஒரு கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் கைதானவர் ஜாமீன் கேட்டு வெளியே வரலாம். உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் அதை 180 நாள் வரை நீட்டலாம். சரி, குற்றப்பத்திரிகை போட்ட பிறகாவது ஜாமீன் கிடைக்குமா? அங்கேதான் 43டி(5) என்ற பிரிவு வருகிறது. போலீஸ் கொடுத்த தாள்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப இடமிருந்தாலே நீதிபதி ஜாமீன் தரக் கூடாது. சாட்சியைக் கூண்டில் ஏற்றி ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே இது நடந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் ஆதாரங்களை ஆழமாக எடைபோடக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்புறம் வழக்கு எத்தனை வருஷம் இழுக்கிறதோ, அத்தனை வருஷமும் ஜெயில்தான்.

கணக்கை மத்திய அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்திருக்கிறது. 2016 முதல் 2019 வரை உபாவில் கைதானவர்கள் 5,922 பேர். அதே நான்கு ஆண்டுகளில் தண்டனை பெற்றவர்கள் 132 பேர். ‘மற்ற வழக்கெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது’ என்று எதிரணி சொல்லும். நடந்துகொண்டிருக்கும்போது அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. ‘ரொம்ப நாள் இழுத்தால் ஜாமீன் தரலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே’ என்றும் சொல்வார்கள். சொன்னது, உண்மை. அந்த வழக்கில் அந்த மனிதர் அதற்குள் ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த சேசு சபைக் குருவானவர் ஸ்டேன் சுவாமி. சேசு சபையார் நடத்தும் கல்லூரி இருக்கும் இந்தப் பாளையங்கோட்டையில் அவரைப் பற்றி நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2020 அக்டோபர் 8-ஆம் தேதி ராஞ்சியில் உபாவில் கைதானார். வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. ஸ்ட்ராவும் உறிஞ்சிக் குடிக்கும் கோப்பையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல விசாரணை அமைப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5-ஆம் தேதி, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, மும்பை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வழக்கில் விசாரணையே தொடங்கவில்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்று இனி எந்த நீதிமன்றம் அவரிடம் சொல்லும்?

அடுத்தது வாக்குமூலம். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. அடித்து வாங்குவார்கள் என்று அதை எழுதிய வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது. அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான 1987 தடா அதைத் தூக்கிப் போட்டது. எஸ்.பி. அந்தஸ்தில் ஒருவர் எழுதி வாங்கினால் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு என்றது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. இது தடாவுக்குள் வரும் குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது! 19 வயதில் கைதான பேரறிவாளன், குண்டுக்கு இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகத் தூக்கு மேடை வரை போனார். அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன வரியைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் வாங்கிய அதிகாரியே ஓய்வு பெற்ற பிறகு 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வரி, அய்யா. அவர் வெளியே வந்தது 2022-இல்.

‘ஒழுங்காக இருப்பவனுக்கு எதற்குப் பயம்’ என்று அண்ணாச்சி கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். நம்ம பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரர் வைகோ. 2002 மார்ச்சில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது அவருடைய கட்சி ஆளும் கூட்டணியில் இருந்து ஆதரித்தது. ஜூன் 29-இல் திருமங்கலத்தில் ஒரு மேடையில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலை 11-இல் அமெரிக்காவிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் அதே பொடாவில் கைது. 19 மாதம் ஜெயில். கையில் துப்பாக்கி இல்லை, பையில் குண்டு இல்லை, இருந்தது ஒரு மைக். எம்.பி.க்கே இந்தக் கதி என்றால், வக்கீல் வைக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன கதி?

இந்தச் சீமைக்கு இது புதிதும் இல்லை. 1908-இல் வ.உ.சி. பேசியதற்கு, இதே திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே கொடுத்தது இரட்டை ஆயுள், 40 வருஷம். பயன்பட்டது 124ஏ, ராஜதுரோகப் பிரிவு. ‘அது அந்நிய அரசு’ என்பீர்கள். சுதந்திர நாட்டில், 2011-க்குப் பிறகு, அதே 124ஏ இடிந்தகரைக்கு வந்ததே! லூர்து மாதா கோயில் முன்னால் பந்தலில் உட்கார்ந்து, பீடி சுற்றிக்கொண்டே அணு உலை வேண்டாம் என்று சொன்ன பெண்களின் ஊர் அது. ஆயிரக்கணக்கானோர் மேல் ராஜதுரோகம், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் என்று வழக்கு. வழக்கு இருப்பதால் பாஸ்போர்ட் கிடைக்காமல், வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாமல் பையன்கள் நின்றார்கள். வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி செய்யுங்கள் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

‘அது பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இல்லையே’ என்று எதிரணியில் யாரோ சத்தம் கொடுக்கிறார்கள். சரிதான். ஆனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 113-ஆம் பிரிவில் பயங்கரவாதச் செயல் சாதாரணக் குற்றச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. வழக்கை அதில் போடுவதா, உபாவில் போடுவதா என்று முடிவு செய்ய ஒரு எஸ்.பி. போதும். அடுத்த இடிந்தகரைக்கு எந்தப் பிரிவு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘அப்போ சட்டமே வேண்டாமா?’ வேண்டும் அய்யா. 43டி(5)-ஐ நீக்குங்கள். எல்லா வழக்கையும் போல ஆதாரத்தைப் பார்த்து ஜாமீன் தருவதா வேண்டாமா என்று நீதிபதி முடிவு செய்யட்டும். விசாரணையை முடிக்கக் கெடு வையுங்கள். ஐந்து வருஷமோ பத்து வருஷமோ உள்ளே வைத்து, அப்புறம் நிரபராதி என்று அனுப்பினால், போன வருஷங்களுக்கு நஷ்டஈடு கொடுங்கள். இன்றைக்கு அப்படி வெளியே வருகிறவருக்கு அதைக் கேட்டு வாங்க உபாவில் ஒரு பிரிவு கூட இல்லை. அதை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.